காலிக்குப் பல்லுக் கட்டப் போனது

காலிக்குப் போனது நானும் அப்பாவும். அம்மா வரவில்லை, மருத்துவமனைத் துப்புரவு வேலையில் அவருக்கு லீவு கொடுக்கவில்லை. அக்காவும் வரவில்லை, அவள் கல்யாணத்துக்கென்று லீவு சேர்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவோடு ஒரே சமையலறையில் வேலை செய்யும் கொலம்பியர்தான் எங்களை அந்த ஊருக்கு அனுப்பிவைத்தவர். அவரும் வரவில்லை. தன் ஊரைப் பற்றி அவர் சொன்னவை மட்டும் எங்களோடு வந்தன: அங்கே பல் வைத்தியம் மலிவு, மனிதர்கள் நல்லவர்கள், எல்லோரும் ஆடுவார்கள்.

பெட்டியோடு படியிறங்கும்போது முதலாம் மாடி அன்ரி கதவைத் திறந்தார். எங்கள் கட்டடத்தில் யார் பெட்டியோடு இறங்கினாலும் அந்தக் கதவு திறக்கும்.

"எந்தப் பக்கம் பயணம்?"

"காலிக்கு, அன்ரி. அப்பாவுக்குப் பல்லுக் கட்ட."

"காலிக்கோ? சிங்கள ஊருக்குப் போயே பல்லுக் கட்டுறியள்?"

"அது இலங்கைக் காலி, அன்ரி. இது கொலம்பியாவிலை இருக்கிறது. சல்சா நடனத்துக்குப் பேர்போன ஊர்."

"அப்ப கொப்பர் பல்லுக் கட்டிப்போட்டு ஆடியும் காட்டுவார் எண்டு சொல்லு."

அப்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். இருமலாகவும் இருக்கலாம். கையால் பொத்தினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

அப்பாவின் மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. இரண்டு வேர்க்கட்டைகள் மட்டும் கறுத்துப்போய் நின்றன. யாரும் அடித்து விழுத்தியதில்லை, விபத்தும் இல்லை. ஒவ்வொன்றாக வலி வந்தது. வலி வந்தபோதெல்லாம் பல்லைக் காப்பாற்றுவதைவிடப் பிடுங்குவது மலிவாக இருந்தது, பிடுங்கினார். வேலையில் பல்லுக்குக் காப்புறுதி கிடையாது. ஏழெட்டு வருடத்தில் இப்படி ஆகிவிட்டது. முதலில் கையால் பொத்திக் கதைத்தார். பிறகு கதைப்பதைக் குறைத்தார். தொலைபேசியில் ஊரிலிருந்து யாராவது முகம் பார்த்துப் பேச வந்தால் கமராவைச் சுவருக்குத் திருப்பிவிடுவார். அவர்கள் எங்கள் வீட்டுக் கலண்டரோடு பேசிக்கொண்டிருப்பார்கள்.

மொன்ரியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருக்கும் வீடு மூன்றாம் மாடியில். அப்பா வேலை செய்வது, புகை போட்ட மாட்டிறைச்சியை மெல்லிதாகச் சீவிப் பாண் துண்டுகளுக்கு நடுவில் அடுக்கிக் கொடுக்கும் ஓர் உணவகத்தில். இந்த ஊருக்கு வருகிறவர்கள் தேடி வந்து வரிசையில் நின்று சாப்பிடும் சாப்பாடு அது. இருபது வருடத்துக்கு மேலாக அப்பா அதை வெட்டுகிறார், ஒரு துண்டும் வாயில் வைத்ததில்லை. வேலையால் வந்ததும் வேலைச் சட்டையைப் பல்கனிக் கொடியில் போட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போவார். பனிக்காலத்தில் அந்தச் சட்டை பலகை மாதிரி விறைத்துத் தொங்கும். தலை முழுகிய பிறகுதான் சாமி அலுமாரியைத் திறப்பார், திருநீறு பூசுவார், தேத்தண்ணி குடிப்பார். முழுகாமல் எங்கள் யாரையும் தொட்டும் நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் எல்லா அப்பாமாரும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

தை மாதம் அக்காவின் கல்யாணம் சரிவந்தது. புரட்டாதிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புரோசார்டில் மண்டபம். அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"நான் மணவறையிலை ஏற மாட்டன். கொம்மாவும் மாமாவும் நிண்டு தாரை வார்க்கட்டும்."

"ஏன் அப்பா?" என்றாள் அக்கா.

அப்பா வாயைத் திறந்து காட்டினார். எங்களுக்கு அவர் அதைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

"இப்பிடியே வாங்கோ அப்பா. ஆர் பாக்கப்போகினம்?"

"வீடியோ பாக்கும்."

அக்கா எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவள் அழுவது கேட்காமல் இருக்க அப்படிச் செய்வாள், எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகுதான் கொலம்பியரின் பேச்சு வந்தது. அப்பாவும் அவரும் சமையலறைப் பிரெஞ்சில் கதைத்துக்கொள்வார்கள். இருவருக்கும் தெரிந்ததைச் சேர்த்தால் ஒரு வசனம் வரும். அவர் தன் பற்களை விரலால் தட்டிக்காட்டினாராம்: தாடை எலும்பில் ஆணி இறுக்கிப் பூட்டிய பல், மொன்ரியலில் கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் மட்டும். அப்பா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர், அம்மா இடம்பெயர்ந்ததில் எட்டோடு. அக்கா இங்கே வந்ததும் வேலைக்குப் போய்விட்டாள். அதனால் வீட்டுக்கு வரும் கடிதம், பொருத்தும் அலுமாரி, வாங்கும் மருந்து எல்லாம் என் கைக்குத்தான் வரும். பல்கலைக்கழகத்துக்கு முன்பு படித்த கல்லூரியில் ஸ்பானிய மொழியும் இரண்டு தவணை எடுத்திருந்தேன். ஆகவே பேச்சே இல்லாமல் நான்தான் போவதென்று ஆனது. பட்டம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. அந்த நாட்களில் எதுவும் என்மேல் முழுதாக வந்து படவில்லை. சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. சொன்னதைச் செய்தேன். பல் வைத்தியசாலைக்கு எழுதினேன், இங்கே எடுத்த எக்ஸ்ரேயை அனுப்பினேன். ஆணிகளுக்கு முற்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன்.

பொகோட்டாவில் விமானம் மாறிக் காலியில் இறங்கியபோது வெயில் அடித்தது. மொன்ரியலில் பனிச்சேற்றுக்காகப் போட்டு வந்த சப்பாத்து காலில் வெந்தது. டக்சிக்குள் பாட்டு. டக்சி நின்ற சிவப்பு விளக்கடியில் பக்கத்து பஸ்ஸுக்குள் வேறு பாட்டு. சாரதி ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டினார். ஆட ஆசைப்பட்டவன் பார்க்க வேண்டிய ஊர் அது. நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒலியைக் குறைத்து வைத்த தொலைக்காட்சி மாதிரி இருந்தது.

அறை எடுத்தது ஒரு அம்மாவின் வீட்டில். எழுபது வயதிருக்கும், தனியாக இருப்பவர், நெற்றியில் சுருட்டிய முடி, உதட்டுச்சாயம். கதவைத் திறந்ததும் அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்து, "மி அமோர்!" என்றார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

என் அன்பே என்று அர்த்தம். அந்த ஊரில் கடைக்காரர், பஸ் நடத்துனர், தாதி எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"ஐயா எண்டு சொல்லுறா, அப்பா."

"நல்ல மரியாதையான மனுசி," என்றார் அப்பா. அடுத்த நாள் காலை அந்த அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி "மி அமோர்" என்று அவரே சொன்னார். நான் திருத்தவில்லை.

பல் வைத்தியசாலையிலும் பாட்டு இருந்தது. வைத்தியர் என்னைவிட ஐந்தாறு வயது கூடிய பெண். உதவியாளப் பெண் உறிஞ்சு குழாயைப் பிடித்தபடி குதிக்காலால் தாளம் போட்டாள். முதல் நாள் காலை வேர்க்கட்டைகள் இரண்டையும் எடுத்துத் தையல் போட்டார்கள். முகத்தைச் சுற்றி வரும் இயந்திரத்தில் அப்பாவை நிறுத்தி ஸ்கான் எடுத்தார்கள். பிற்பகல் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அப்பாவின் மேலுதடு இன்னும் மரத்துப்போய் ஒரு பக்கம் தொங்கியது.

திரையில் அப்பாவின் மண்டையோடு சாம்பல் நிறத்தில் நின்றது. வைத்தியர் பேனாவால் காட்டினார். பல் இல்லாத இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை, அது தானாகக் கரைந்துபோகும். எவ்வளவு காலம் பல் இல்லையோ அவ்வளவு கரையும் என்றார். நாங்கள் அனுப்பிய எக்ஸ்ரேயில் உயரம் தெரிந்ததாம், தடிப்புத் தெரியவில்லையாம். இப்போது பார்த்தால் அந்த எலும்பு கத்தி விளிம்பு மாதிரி இருக்கிறது, ஆணி நிற்காது. எலும்புப் பொடி வைத்துத் தைத்தால் நாளடைவில் அது பிடித்துக்கொள்ளும். ஓகஸ்டில் திரும்பி வந்தால் பல்லைப் பூட்டிவிடலாம், கல்யாணத்துக்குச் சரியாக இருக்கும். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை என் கையில் வைத்தார். உள்ளே வெள்ளையாக, பெருமணிச் சீனி மாதிரி.

எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். எனக்கு அது ஒரு நல்ல செய்தியாகவே பட்டது. ஒரு வழி இருக்கிறது, செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அப்பா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மரத்துப்போன வாயால் மெதுவாகக் கேட்டார்:

"எலும்பெண்டால் என்னத்தின்ர எலும்பு?"

நான் அதைக் கேட்டிருக்கவில்லை. வைத்தியரிடம் திரும்பினேன். அவர் தயங்காமல், நல்ல பொருள் என்று காட்டும் குரலில் சொன்னார். மாட்டினுடையது, உயர்ந்த சூட்டில் எரித்துக் கழுவியது, உலகம் முழுக்க இதைத்தான் பாவிக்கிறார்கள்.

நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் குப்பியை மேசையில் வைத்துவிட்டுக் கையை முழங்காலில் துடைத்தார்.

"வேறை இல்லையாமோ?"

இருந்தது. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த எலும்பு. அதைச் சொன்னபோது அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. செயற்கைப் பொடியும் உண்டு, ஆனால் இவ்வளவு மெல்லிய இடத்தில் தான் அதை நம்ப மாட்டேன் என்றார் வைத்தியர். அப்பாவின் சொந்தத் தாடையின் பின்பக்கத்திலிருந்து வெட்டி எடுக்கலாம், ஆனால் அவருக்கிருக்கும் சீனி வருத்தத்தில் புண் ஆறப் பிந்தும், அதனால் இரண்டு இடத்தில் வெட்ட விருப்பமில்லை. யோசித்து வாருங்கள், திங்கட்கிழமை சொல்லுங்கள் என்றார்.

அன்று பின்னேரம் அம்மா வேலையால் வந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டார். மலைப் பக்கமிருந்து ஒரு காற்று இறங்கியிருந்தது. அந்த ஊரில் வெயில் சாயும்போது தினமும் அப்படி ஒரு காற்று வரும். நாங்கள் வீட்டு முன் விறாந்தையில் இருந்தோம். எதிர்ப்பக்கம் ஒரு நடனப் பள்ளி. திறந்த ஜன்னலுக்குள் ஒரு மனிதன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருக்க, இருபது பேருடைய கால்கள் தரையை உதைத்தன.

"இஞ்சாருங்கோ, வாயைக் காட்டுங்கோ," என்றார் அம்மா.

அப்பா தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"மாட்டெலும்போ?"

"ஓம் அம்மா."

"மற்றது?"

"செத்த ஆக்களின்ர."

"சீ! ஆரெண்டும் தெரியாத பிணத்தின்ர எலும்பை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு என்னோடை ஒரு வீட்டிலை இருக்கப்போறாரோ? அதுக்கு மாடு பறவாயில்லை."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "அப்பா, அதெல்லாம் எரிச்சுக் கழுவித்தான் வைப்பினம். அது ஒண்டும் உங்களுக்குத் தெரியாது."

"தெரியாமல் இருந்திருப்பன்," என்றார் அப்பா. "கேட்டுப்போட்டனே."

அம்மா விடவில்லை. "இஞ்சாருங்கோ, ஒண்டு கேக்கட்டே? காலமை நெத்தியிலை திருநீறு பூசுறியளே, அது என்னத்திலை செய்யிறது?"

"சாணத்திலை."

"எதின்ர சாணம்?"

"பசுவின்ர."

"அதை எரிச்ச சாம்பல் நெத்தியிலை இருக்கலாம். இதை எரிச்ச பொடி பல்லு முரசுக்குள்ளை இருக்கக்கூடாதோ?"

அக்கா கைதட்டிச் சிரித்தாள். "அம்மா வெண்டிட்டா! அப்பா, சரியெண்டு சொல்லுங்கோ."

அப்பா எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாணம் போட்ட மாடு பிறகும் நிண்டு புல்லுத் தின்னும்," என்றார்.

சிரிப்பு நின்றது.

"இருபது வருசமா அதைத்தானே வெட்டுறியள்," என்றார் அம்மா, கொஞ்சம் இறங்கிய குரலில்.

"வெட்டுறன். வந்து முழுகுறன். இது முழுகினாப் போகாது."

பிறகு அக்கா கேட்டாள், சின்னப்பிள்ளைக் குரலில்: "அப்ப நீங்கள் மணவறைக்கு வர மாட்டியளோ, அப்பா?"

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். தொலைபேசித் திரையில் அக்காவின் நெற்றி மட்டும் தெரிந்தது. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு ஏற்பாடு செய்து, கடைசியில் ஒரு கரண்டிப் பொடியில் நிற்கிறதே என்று. வரவில்லை. எதிர்ப்பக்கத்து மனிதன் எண்ணி முடியும் வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

அதற்கடுத்த நாட்களில் நாங்கள் நடந்தோம். வேறென்ன செய்வது? காலையில் மலையடிவார வீதிகள், பின்னேரம் ஆற்றோரம். மரத்தடியில் மாங்காயைக் கீற்றுக் கீற்றாக வெட்டி உப்பும் தேசிப்புளியும் போட்டு விற்றார்கள். அப்பா ஒரு கோப்பை வாங்கினார். கடிக்க முடியாது, கீற்றை உப்பில் தொட்டு உறிஞ்சிவிட்டு என்னிடம் தந்தார், நான் சாப்பிட்டேன். சூப்புக் கடைகளில் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "கேள்," என்பார். மாடில்லை, கோழிதான் என்று கேட்டுச் சொல்வேன். எலும்பைப் பற்றி அவர் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து அக்கா ஒரு செய்தி அனுப்பினாள்: "டேய், அப்பா என்ன சொல்லுறார்?" ஒன்றும் சொல்லவில்லை என்று அனுப்பினேன். சிறிது நேரம் கழித்து இன்னொன்று: "அவர் ஏறாட்டி நானும் ஏற மாட்டன். சொல்லு." நான் அதை அப்பாவிடம் சொன்னேன். "ஓம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்கார அம்மா சிவப்புச் சட்டையோடு வந்து நின்றார். வயதானவர்கள் ஆடும் மண்டபத்துக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றார். சும்மா கேட்கவில்லை, அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

தகரக்கூரை போட்ட பெரிய மண்டபம். பிளாஸ்டிக் மேசைகள், மின்விசிறிகள், நடுவில் சீமெந்துத் தளம். அறுபது, எழுபது, எண்பது வயதுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். தொப்பி போட்ட ஆண்கள், வாசனை பூசிய பெண்கள். பாட்டுத் தொடங்கியதும், நாரி வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பியவர்கள் தளத்தில் கால் வைத்தவுடன் வேறு ஆட்களாகிவிட்டார்கள். கால்கள் அவ்வளவு விரைவாகப் போயின. முகம் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல அமைதியாக இருந்தது.

வீட்டுக்கார அம்மா அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். சரியென்று அவர் தன் கைப்பையை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு வேறொருவரோடு ஆடப் போனார். அதைப் பார்த்த பக்கத்து மேசைப் பெண்ணும் தன் பையைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் மடியில் பெரிதும் சிறிதுமாகப் பைகள். விழாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல காவல்காரன் எண்டு நினைச்சிட்டினம்," என்றார்.

எங்கள் மேசையில் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு மனிதர் இருந்தார். எண்பது இருக்கும். அடுத்த பாட்டு அவருக்குப் பிடித்ததாயிருக்க வேண்டும், உடனே எழுந்தார். எழுந்தவர் வாய்க்குள் பெருவிரலை விட்டு மேல்வரிசைப் பல்லுத் தட்டை அப்படியே கழற்றினார். கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டார். பைக்குப் பொத்தானும் பூட்டினார். பிறகு போய், வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, மேலே ஒரு பல்லும் இல்லாமல் ஆடினார்.

அப்பா முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார். அந்த ஊருக்கு வந்த பிறகு அவர் எதையும் அப்படிப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்தது. மனிதர் வியர்வையோடு வந்து, ஒரு குவளைத் தண்ணீரில் தட்டை அலசி, வாய்க்குள் போட்டு இறுக்கினார்.

"தம்பி, அந்தாளைக் கேள். ஏன் கழட்டினவராம்?"

கேட்டேன். மனிதர் என்னைவிட்டு அப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார், கைகளால் காட்டிக்காட்டி. ஒருமுறை ஒரு பெண்ணைச் சுழற்றும்போது சிரித்துவிட்டாராம். தட்டுப் பறந்துபோய் யாருடைய பியர்க் கோப்பைக்குள்ளோ விழுந்துவிட்டது. பாட்டை நிறுத்தி மண்டபம் முழுக்க மேசைக்கடியில் தேடியதாம். கோப்பைக்காரர் கடைசி மிடறு குடிக்கும்போதுதான் பல் அவரைப் பார்த்துச் சிரித்ததாம். அதிலிருந்து ஆட்டத்துக்கு முன் கழற்றிவிடுவார்.

நான் சொல்லி முடிக்க முதலே அப்பா சிரித்துவிட்டார். கைகள் இரண்டும் பைகளைப் பிடித்திருந்ததால் வாய்க்குப் போகவில்லை. தையல் போட்ட முரசு, வெறும் மேல்வரிசை எல்லாம் தெரிய, சத்தமாகச் சிரித்தார். வெள்ளைச் சப்பாத்துக்காரர் அவர் முதுகில் தட்டினார்.

திரும்பி நடக்கும்போது அப்பா சொன்னார்: "அப்பிடி ஒண்டு போதும்."

"அது கழண்டு விழும் அப்பா. சாப்பிடக் கஷ்டம். ஆணிதான் நல்லதெண்டு எல்லாரும்..."

"கழட்டலாம்தானே," என்றார். "கழுவலாம்."

திங்கட்கிழமை அதை வைத்தியரிடம் சொன்னேன். அவர் அப்பாவைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒரு மூச்சு விட்டார். ஆணிகளுக்குக் கட்டிய முற்பணம் திரும்பக் கிடைக்காது என்றார். அப்பாவின் வாயில் களியை வைத்து அச்செடுத்தார்கள். வாரக் கடைசியில் தட்டு வந்தது. நல்ல வேலைதான். கண்ணாடியில் பார்த்து அப்பா "சரி" என்றார். "ஷரி" என்று விசிலோடு வந்தது. உதவியாளப் பெண் கைதட்டினாள். இதே தட்டை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கும் பல் வைத்தியரும் செய்து கொடுப்பார் என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

மொன்ரியல் திரும்பியபோது பனி கரைந்து வீதியோரம் கறுப்பாகக் கிடந்தது. கொலம்பியர் தட்டைப் பார்த்துவிட்டு, இதற்கா உன்னை என் ஊருக்கு அனுப்பினேன் என்று தலையில் கைவைத்தாராம். அம்மா தட்டை வைப்பதற்குக் குளியலறையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் தந்தார். அப்பா வேலையால் வந்து முழுகும்போது தட்டையும் கழுவினார். அக்கா கேட்டாள், "அப்ப ஏறுவியள்தானே?" அப்பா பல்லைக் காட்டினார். அதுதான் பதில்.

கல்யாணத்தன்று புரோசார்ட் மண்டபத்தில் அப்பா பட்டு வேட்டியோடும் தட்டோடும் மணவறையில் ஏறினார். நான் அவருக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். தாரை வார்க்க முதல் ஐயர் மைக்கை அப்பாவின் வாயருகே பிடித்து, பெண்ணின் பூட்டன், பாட்டன், தகப்பன் பெயர்களை உரக்கச் சொல்லச் சொன்னார். அப்பா தொடங்கினார். முதல் பெயரிலேயே தட்டு வழுகியது. ஸ்பீக்கரில் பெயர் வரவில்லை, ஒரு சீறல்தான் வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மண்டபத்தில் பின்வரிசைகூடத் திரும்பிப் பார்த்தது. அக்கா தலை குனிந்தபடி அப்பாவின் விரலைப் பிடித்தாள்.

அப்பா பெருவிரலை வாய்க்குள் விட்டார். தட்டைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். நான் வாங்கி என் பையில் போட்டேன். பிறகு மூன்று பெயரையும் சொன்னார். கடைசி வரிசைக்கும் கேட்டது. வீடியோக்காரர் அந்த இடத்தை வெட்டிவிடட்டுமா என்று பிறகு கேட்டார். அக்கா வேண்டாம் என்றாள்.

நான் சந்தோசப்பட்டேனா என்று தெரியாது. பையில் கை போனபோதெல்லாம் அது ஈரமாக இருந்தது. சாப்பாட்டு வரிசையில் முதலாம் மாடி அன்ரி எனக்கு முன்னால் நின்றார். வடையை எடுத்து வைத்துக்கொண்டே திரும்பினார்.

"தம்பி, கொப்பர் அவ்வளவு தூரம் போய்க் கட்டின பல்லைக் கழட்டிப்போட்டெல்லோ நிக்கிறார். எல்லாமா எவ்வளவு முடிஞ்சது?"

விமானச் சீட்டு, அறை, ஸ்கான், வேர் பிடுங்கியது, திரும்பாத முற்பணம், தட்டு, அப்பா வேலைக்குப் போகாத இரண்டு கிழமைச் சம்பளம். மறைக்க ஒன்றுமில்லை, சொன்னேன்.

"ஐயாயிரத்து எழுநூற்று முப்பது டொலர், அன்ரி."